கைக்குழந்தையோடு கப்பல் பயணமா?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களில் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் நிறைய உண்டு. கைக்குழந்தையோடு முதன்முறை போகிறவர்களுக்கு அதுவே போதும். பெரும்பாலான கப்பல்களில் குழந்தைக்கு 6 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். நீண்ட கடல் பயணங்களுக்கு 12 மாதம். டிக்கெட் எடுக்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வரப் பல மணி நேரம் ஆகலாம். எங்களுக்கு இரவு உணவு முடிந்த பிறகுதான் வந்தது. டயப்பர் பெட்டிக்குள், மகளோ ஈரத்தோடு மடியில்! அதனால் ஒரு நாளைக்கு வேண்டிய டயப்பர், பால் பவுடர், மாற்றுடை, மருந்து எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

டயப்பர் கட்டும் குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் பெரும்பாலும் விடமாட்டார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதே விதிதான். சில கப்பல்களில் மட்டும் அவர்களுக்கென்று தனியாகத் தண்ணீர் விளையாடும் இடம் உண்டு.

வீட்டில் அரைத்த கஞ்சி மாவு வேண்டாம், அனுமதிப்பது அரிது. உறை பிரிக்காத குழந்தை உணவு எடுத்துப் போகலாம். கெட்டிலுக்கும் பொதுவாகத் தடைதான். வெந்நீரைக் கப்பல் ஊழியரிடம் கேட்டு வாங்கலாம்.

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. தொட்டிலுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏறியதும் குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குமட்டல் மருந்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.