கியர் பெட்டியின் மூளை: மாற்றுமுன் சோதியுங்கள்

கிளட்ச் மிதி இல்லாத கார்கள் நம் அன்பர்கள் பலர் வீட்டு வாசலில் இன்று நிற்கின்றன. 2014-ல் மாருதி செலிரியோ வந்தபின்தான் ஏ.எம்.டி. என்ற பெயர் நடுத்தரக் குடும்பங்களில் பரவியது. இவ்வகைக் கார் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று சங்கத்தில் என்னிடம் பலர் கேட்கிறார்கள். பட்டறையில் நான் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஏ.எம்.டி. காரில் உள்ளது பழைய மாதிரிக் கியர் பெட்டிதான். நம் காலும் கையும் செய்த வேலையை மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ செய்கிறது. அதற்குக் கட்டளையிடுவது 'டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல்' என்னும் சிறு மின்னணுப் பெட்டி. வண்டியின் வேகம், ஆக்சிலரேட்டர் மிதி, பிரேக் சுவிட்ச், கியர் லீவரின் நிலை ஆகிய செய்திகளைப் பெற்று, எப்போது எந்தக் கியர் என்று அது முடிவு செய்கிறது.

இது பழுதானால் கியர் விழாது. ஓடும்போதே நியூட்ரலுக்குப் போகலாம். அல்லது ஒரே கியரில் நின்றுவிடும். ஆனால் பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, கெட்டுப்போன பிரேக் சுவிட்ச் ஆகியவையும் இதே தொல்லைகளைத் தரும். ஆகவே, அடையாளத்தை மட்டும் பார்த்து மாட்யூலை மாற்றுவது வீண் செலவு.

முதல் சோதனை பேட்டரி. எஞ்சின் ஓடாதபோது 12.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. பிறகு ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஸ்கேனர். வரும் எண்களை அழிக்குமுன் எழுதிக்கொள்ளுங்கள். பி 0700 என்பது 'டிரான்ஸ்மிஷன் பக்கம் ஏதோ கோளாறு' என்ற பொது அறிவிப்பே. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. யூ 0101 என்றால் மாட்யூலுடன் பேச்சுத் தொடர்பு அறுந்துவிட்டது. பி 0613 மாட்யூலின் உள்ளே உள்ள பிராசஸரைச் சந்தேகிக்கிறது.

மூன்றாவது, மின்சாரம். ஃப்யூஸ்களைப் பார்த்துவிட்டு, மாட்யூலின் கனெக்டரில் பேட்டரியின் முழு வோல்ட்டும் வருகிறதா என்று அளக்க வேண்டும். எர்த் ஒயரில் மின்சாரம் ஓடும்போது, அதற்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. 'ஒயர் அறுபடவில்லை' என்று பீப் ஒலி கேட்டுத் திருப்தி அடைவது போதாது; ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரும் பீப் அடிக்கும்.

நான்காவது, மாட்யூல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் ஒயர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் இடத்தில் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே அளந்தால், பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 60 ஓம் காட்டும். இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் பக்க இணைப்பில் இருப்பதே காரணம். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

2023 ஜூலையில் தில்லியில் கொட்டிய மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிய ஒரு கார் என்னிடம் வந்தது. உரிமையாளர் ஓய்வு பெற்ற பெரியவர். மனைவியை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அந்த வண்டிதான் துணை. ரிங் ரோட்டில், பின்னால் பஸ் வரும்போது, கியர் நியூட்ரலுக்குப் போய்விட்டது. வேறொரு பட்டறையில் கியர் பெட்டி முழுவதையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோது வந்த எண் யூ 0101. வோல்ட் சரி, எர்த் சரி, கேன் ஒயர்கள் மாட்யூலின் கனெக்டர் வரை சரி. எல்லாம் வந்து சேர்ந்தும் மாட்யூல் வாய் திறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. கியர் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

மாற்றும் முறையிலும் கவனம் வேண்டும். பார்ட் நம்பர் சரியாகப் பொருந்த வேண்டும். வேறு வண்டியில் கழற்றிய பழைய மாட்யூல் பல கார்களில் அப்படியே வேலை செய்யாது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே கனெக்டரைத் தொட வேண்டும். புதியதைப் பொருத்தியதும், அந்த வண்டிக்குரிய புரோகிராமை ஏற்ற வேண்டும். அப்போது வோல்ட் குறைந்தால் புது மாட்யூலே பாழாகலாம். எனவே, அதற்கென்று உள்ள பவர் சப்ளையை இணைத்துக்கொள்வது நல்லது. அடுத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தையும் கியர் நிலைகளையும் ஸ்கேனர் வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை விட்டால் வண்டி குதிக்கும். கடைசியாக, நெரிசல் இல்லாத சாலையில் எல்லாக் கியர்களிலும் ஓட்டிப் பார்த்து, எண்கள் திரும்ப வருகின்றனவா என்று ஸ்கேன் செய்ய வேண்டும்.

இவ்வளவையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. 'மாட்யூல் போச்சு' என்று யாரேனும் சொன்னால், வந்த எண்கள் எவை, கனெக்டரில் வோல்ட் எவ்வளவு, எர்த்தில் இழப்பு எவ்வளவு, கேன் ஒயரில் ஓம் எவ்வளவு என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான்குக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் வண்டியை ஒப்படைக்கலாம்.