ஒலிபெருக்கி முகவலைகளின் மின்கடத்தும் தன்மை

திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்கல் விழா மலையாள கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், நடைபெறுகிறது. அந்நாளில் பெண்கள் அடுப்புக் கூட்டி அமரும் வரிசை கோயிலைச் சுற்றிய தெருக்களோடு நின்றுவிடுவதில்லை. கிழக்கேகோட்டையையும் அதற்கு அப்பாலுள்ள சாலைகளையும் நிரப்பிவிடுகிறது. கோயிலில் முதல் அடுப்புப் பற்றவைக்கப்பட்ட செய்தி ஒலிபெருக்கிகளின் வழியாகவே இவர்களை எட்டும். கம்பங்களிலும் கடை முகப்புகளிலும் கட்டப்பெற்ற அக்கருவிகளின் கீழ் நீர்க்குடங்களும் ஈரத் தரையும் வெறுங்காலும் ஒருங்கே காணப்படும். இத்தகைய இடத்தில், ஒலிபெருக்கியின் முன்புறத்தை மூடியிருக்கும் வலை மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா என்னும் வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கடைத்தெருவில் கிரில் என வழங்கும் அவ்வலையை இக்கட்டுரையில் முகவலை என்று குறிப்போம்.

முகவலைகள் பெரும்பாலும் துளையிட்ட எஃகுத் தகடு, அலுமினியத் தகடு, துருப்பிடியா எஃகு ஆகிய உலோகங்களாலோ, துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றாலோ செய்யப்படுகின்றன. செம்பின் கடத்து திறனை 100 எனக் கொண்டால், அலுமினியத்தின் திறன் ஏறத்தாழ 60. சாதாரண எஃகின் திறன் 10 முதல் 12 வரை. துருப்பிடியா எஃகின் திறன் 2 அல்லது 3 மட்டுமே. இவ்வெண்களைக் கண்டு, துருப்பிடியா எஃகு முகவலை செம்பைவிட ஆபத்துக் குறைந்தது என்று எண்ணுவோர் உண்டு. இது பிழையாகும். 30 செண்டிமீட்டர் நீளமும் 10 செண்டிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகட்டின் நீளவாட்டுத் தடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செம்பாயின் அது சுமார் 0.05 மில்லி ஓம். துருப்பிடியா எஃகாயின் சுமார் 2.2 மில்லி ஓம். துளைகளால் இத்தடை இரு மடங்கோ மும்மடங்கோ உயர்ந்தாலும், ஈரமான மனித உடலின் தடையாகக் கொள்ளப்படும் 1,000 ஓமுக்கு முன் இவை அனைத்தும் இல்லாதனவே. 230 வோல்ட்டு மின்சாரம் எந்த உலோக வலையின் வழியாக வந்தாலும் அவ்வுடலில் 230 மில்லி ஆம்பியர் பாய்ச்சும். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பற்றிய கை விடாது. 30 மில்லி ஆம்பியரைக் கடந்தால் உயிருக்கே தீங்கு நேரலாம். ஆகவே எந்த உலோகம் என்பதைக் காட்டிலும், அவ்வுலோகத்தின் மேல் என்ன பூசப்பட்டுள்ளது, அது எதனோடு இணைந்துள்ளது என்பவையே கவனிக்கத்தக்கவை.

பூச்சைப் பற்றிப் பணியாளரிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. மின்னளவியின் இரு முனைகளையும் கறுப்புச் சாயம் பூசிய முகவலையில் வைத்தால் முள் அசைவதில்லை. உடனே, இது கடத்தாப் பொருள் என்று முடிவு கட்டப்படுகிறது. உண்மையில் முனைகள் தொட்டது சாயத்தையே. வலையைப் பிணைக்கும் திருகாணியின் தலையைச் சிறிது சுரண்டி அங்கு முனையை வைத்தால், மறுமுனை விளிம்பின் சுரண்டிய இடத்தைத் தொட்டவுடனே முள் முழுதும் சாயும். தூள்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் கனமற்றது. பழுதின்றி இருக்கும் வரை அது நல்ல காப்பே. ஆனால் துளைகளின் கூரிய விளிம்புகளில் அது மெலிந்து விடுகிறது; ஏற்றி இறக்கும் வண்டியிலும் கயிற்றின் உராய்விலும் தேய்ந்து போகிறது. அழகுக்காகப் பூசியதைப் பாதுகாப்புக்கென எண்ணுதல் தகாது.

துணியும் இதே போன்று ஏமாற்றவல்லது. 1943-ல் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்று, 1950-ல் அகில இந்திய வானொலியோடு இணைக்கப்பட்டது. அக்காலத்து வால்வு வானொலிப் பெட்டிகளுள் மின்மாற்றி இல்லாத வகையும் உண்டு. அவற்றில் உட்சட்டம் மின்வழியின் ஒரு கம்பியோடு நேரே இணைக்கப்பட்டிருந்தது. இரு முனைச் செருகியை ஒருவாறு செருகினால் சட்டத்தில் மின்சாரம் இராது; திருப்பிச் செருகினால் முழு வோல்ட்டும் ஏறி நிற்கும். மரப்பெட்டியும் முகத்துணியும் கைக்கும் சட்டத்துக்கும் இடையே காப்பாக நின்றன. குமிழ்களைப் பிணைக்கும் சிறு திருகாணியின் குழியை மெழுகால் அடைத்ததும் இக்காரணத்தாலேயே. (பழுதுபார்த்த பின் மெழுகை மீண்டும் இட மறந்தவர் எத்தனை பேரோ!) உலர்ந்த பருத்தித் துணி மின்சாரத்தைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆயின் கிழக்கேகோட்டையிலிருந்து கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவே. கடற்காற்றின் உப்புத் துகள் துணியில் படிந்து, இடவப்பாதி மழையின் ஈரத்தை உறிஞ்சினால், அத்துணி கடத்தியாக மாறிவிடுகிறது.

இனி, முகவலையில் மின்சாரம் எவ்வாறு ஏறுகிறது? ஒலிபெருக்கி பெருக்கியிலிருந்து தனியே நிற்பதாயின், அதற்கு வரும் கம்பியில் ஒலி அலைக்குரிய மின்சாரம் மட்டுமே உள்ளது. எனினும் நெடுந்தொலைவு செல்லும் பொது அறிவிப்பு இணைப்புகளில் இது முழு ஆற்றலில் 100 வோல்ட்டு வரை உயரும் என்பதை மறத்தலாகாது. பெருக்கியைத் தன்னுள்ளேயே கொண்ட புதுவகைப் பெட்டிகளில் 230 வோல்ட்டு நேரே உள்ளே வருகிறது. இவற்றின் மின்வழங்கியில் இரைச்சலை வடிக்கும் பொருட்டு, இரு கம்பிகளிலிருந்தும் சட்டத்துக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்படுவதுண்டு. எர்த் எனப்படும் நில இணைப்பு முறையாக இருந்தால் இவற்றின் வழியே கசியும் நுண்ணிய மின்னோட்டம் நிலத்துக்குச் சென்றுவிடும். மூன்றாம் முனையை ஒடித்தோ, இரு கம்பி நீட்டிப்பைச் செருகியோ அதனைத் துண்டித்தால், சட்டமும் அதனோடு இணைந்த முகவலையும் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். தொட்டவருக்குச் சுருக்கென்று ஓர் உணர்வு தோன்றும். டெஸ்டர் விளக்கு மங்கலாக எரியும். ஒரு பெட்டியின் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவே ஆதலின், அதுவே கொல்லாது. ஆனால் பத்துப் பெட்டிகளின் சட்டங்கள் ஒலிக்கம்பிகளால் பிணைக்கப்பட்டு, ஒன்றுக்கேனும் எர்த் இல்லாதிருப்பின், கசிவுகள் அனைத்தும் கூடி ஒரே கையை நாடும். கம்பியின் உறை நைந்து உட்சட்டத்தைத் தொட்டாலோ, காப்பதற்கு ஒன்றுமே இல்லை.

ஆகவே உலோக முகவலை இரண்டு நிலைகளுள் ஒன்றில் இருத்தல் வேண்டும். மின்சாரம் ஏறும் எப்பகுதியோடும் தொடர்பின்றி, இரட்டைக் காப்புக்கு அப்பால் தனித்து நிற்பது ஒன்று; எர்த் கம்பியோடு உறுதியாக இணைந்து நிற்பது மற்றொன்று. இரண்டுங்கெட்ட நிலையே தீங்கானது. இரண்டாம் வகையில் எர்த் முனைக்கும் வலையின் உலோகத்துக்கும் இடைப்பட்ட தடை 0.1 ஓமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. இங்கே கடற்கரை ஊர்களுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. அலுமினிய வலையைப் பித்தளை அல்லது துருப்பிடியா எஃகுத் திருகாணியால் பிணைத்து உப்புக் காற்றில் விட்டால், அவ்விணைப்பு ஒரு சிறு மின்கலம் போல் இயங்கி அலுமினியத்தை அரிக்கிறது. தோன்றும் வெண்பொடி மின்சாரத்தைக் கடத்தாது. வலையும் கடத்தும், திருகாணியும் கடத்தும். இடையிலுள்ள பொருத்தோ கடத்தாது. மழைக்காலத்துக்கு முன் திருகாணியைக் கழற்றி, பரப்பைச் சுரண்டி, பல் வாஷர் இட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுதல் வேண்டும். கால் மணி நேர வேலைதான்.

முகவலையின் கடத்து திறன் ஒலியின் இனிமையை மாற்றும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ஒலிக்கு வேண்டியது துளைகளின் மொத்தப் பரப்பும், வலை அதிராமல் இறுகி நிற்றலுமே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். வீட்டு மின்சாரம் இதற்கு ஒருபோதும் கூடாது. 9 வோல்ட்டு மின்கலம் ஒன்றே போதும். முதலில் இரண்டு டார்ச் மின்கலங்களையும் டார்ச் பல்பையும் கொண்டு, சாயம் பூசிய வலை, சுரண்டிய வலை, உலர்ந்த துணி, உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சுரண்டிய வலையில் மட்டுமே பல்பு எரியும். மாணவர்கள் ஏனைய மூன்றையும் கடத்தாப் பொருள் என்று எழுதிக்கொள்வர். எழுதட்டும். பின்னர் 9 வோல்ட்டு மின்கலத்தையும், 1,000 ஓம் தடையோடு கூடிய எல்.இ.டி. விளக்கையும் எடுத்து மீண்டும் சோதித்தால், நனைந்த துணியிலும் அது மங்கலாக ஒளிரக் காணலாம். துணியின் தடை 5,000 ஓம் எனக் கொண்டால் அதில் பாய்வது ஒரு மில்லி ஆம்பியர் அளவே. டார்ச் பல்பு எரிய அது போதாது. அதே துணியின் இரு புறமும் 230 வோல்ட்டு நின்றால் பாயும் மின்னோட்டத்தை மாணவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்: 46 மில்லி ஆம்பியர்.