சும்மா வந்த பங்குக்கு வரி உண்டா?

கேள்வி: 2020-ல் ஐ.டி.சி. பங்குகள் 125 வாங்கினேன், ஒன்று 200 ரூபாய். ஓட்டல் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பங்குகள் 12 டீமேட் கணக்கில் வந்தன. என்னைக் கேட்காமலே பிரிக்கலாமா? மீதி அரைப் பங்கு எங்கே? சும்மா கிடைத்ததுதானே, விற்றால் முழுத் தொகைக்கும் வரியா?

- வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்டார்கள். 2024 ஜூன் 6-ல் பங்குதாரர் கூட்டம் நடந்தது. இ-வோட்டிங் வசதியும் இருந்தது. அந்த மின்னஞ்சலை நம்மில் பலர் திறப்பதே இல்லை. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் ஆதரிக்க வேண்டும். மதிப்பில் அவர்கள் கையில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். பிறகு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல். அங்கே ஆட்சேபம் எழுப்பவோ 10% பங்கு கையில் இருக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் எட்டாத உயரம் அது!

10-க்கு 1 என்பது விகிதம். அதனால் உங்களுக்குப் பன்னிரண்டரை. இப்படிப்பட்ட அரை, கால் பங்குகளையெல்லாம் ஒன்றுசேர்த்து விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிடெண்ட் வரும் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

இனி வரி. இதைப் போனஸ் பங்குபோல நினைத்து, அடக்க விலை பூஜ்யம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த பழைய விலையே இரண்டாகப் பிரிகிறது: ஐ.டி.சி.க்கு 86.49%, ஓட்டலுக்கு 13.51%. பத்துப் பங்குக்கு நீங்கள் போட்ட 2,000 ரூபாயில் 13.51% என்றால் 270.20 ரூபாய். ஒரு ஓட்டல் பங்கின் அடக்கம் அதுதான். 2025 ஜனவரி 29-ல் என்.எஸ்.இ.யில் அது பட்டியலான விலை 180. அன்றைக்கு விற்றிருந்தால் வரி என்ன, பங்குக்கு 90 ரூபாய் நஷ்டமே காட்டியிருக்கலாம். சந்தை விலையை வைத்து அல்லாமல், நிறுவனத்தின் புத்தக மதிப்பை வைத்துப் பிரிப்பதால் வரும் விசித்திரம் இது.

வைத்திருந்த காலமும் 2020-லிருந்தே எண்ணப்படும். எனவே நீண்ட கால நஷ்டம். அதை நீண்ட கால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். மிச்சமிருந்தால் எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம்.

துணை நிறுவனம் ஐ.பி.ஓ. வந்தால் மட்டும் இந்தக் கதை பொருந்தாது. 2024-ல் பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸ் வந்தபோது தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்குக் கிடைத்தது 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. பங்குக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

நீங்கள் நஷ்டத்தில் விற்றால், வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தாமதித்தால் அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.