சம்பள ரோலில் பெயர் இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம்

கேள்வி: தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை. காண்ட்ராக்டர் மூலம் தினக்கூலிக்குச் சேர்ந்தவள் நான். கம்பெனி வேனில்தான் போய் வருகிறோம். கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் வேனிலும் வேலையிடத்திலும் மேலே கை வைப்பார், அசிங்கமாகப் பேசுவார். கடைசியாக அப்படி நடந்து நான்கு மாதம் ஆகிறது. பயந்துபோய் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். ஆபீஸில் சொன்னால், “நீ எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்டர்கிட்ட போ” என்கிறார்கள். காண்ட்ராக்டரோ, பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடு என்கிறார். சாட்சியும் இல்லை. எனக்கு வழி உண்டா, மேடம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உண்டு, சகோதரி. ஆனால் உங்களுக்கு நாள் குறைவு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் விசாரணைக் குழு மேலும் 3 மாதம் வரை ஏற்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்ததையும், ஆபீஸில் தட்டிக்கழித்ததையும் தாமதத்துக்குக் காரணமாக எழுதுங்கள்.

“எங்க ஆளே இல்ல” என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. தினக்கூலி, தற்காலிகம், காண்ட்ராக்ட், பயிற்சி என எப்படிச் சேர்ந்திருந்தாலும் இந்தச் சட்டப்படி நீங்கள் ஊழியர்தான். கம்பெனி அனுப்பும் வேனும் பணியிடமே. இந்தச் சட்டத்துக்கு வழிவகுத்ததே 1997-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு. அதற்குக் காரணமான ராஜஸ்தானின் பன்வாரி தேவியும் நிரந்தர ஊழியர் அல்லர். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் மதிப்பூதியத்துக்குக் கிராமப் பணி செய்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு, அதாவது பலரும் சொல்லும் ‘விசாகா கமிட்டி’, இருந்தாக வேண்டும். அமைக்காத கம்பெனிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் கம்பெனியில் குழு இல்லையென்றால், அதையும் குறிப்பிட்டு, கோரம்பள்ளம் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரிடம் புகாரைக் கொடுங்கள். பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் உப்பளமானாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், விசாரிக்க வேண்டியது மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழு. எல்லா மாவட்டங்களிலும் இது இயங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டிருக்கிறது.

புகாரில் தேதி, இடம், நடந்தது, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி 6 பிரதிகள் கொடுங்கள். எழுத வராதென்றால் எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். உங்கள் பெயரை வெளியிடக் கூடாது.

சாட்சி இல்லையே என்று தயங்காதீர்கள். நிரூபிக்க முடியாமல் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது. அதற்காக உங்களைத் தண்டிக்கவும் முடியாது. “நான் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை” என்று அந்த சூப்பர்வைசர் சொன்னாலும் எடுபடாது. செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தப் பெண்ணுக்கு அது விருப்பமற்றதா என்பதே முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டுமே. அப்போதும் பணத்தை வைத்துப் பேசி முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

போலீசுக்கும் போகலாம். பாரதிய நியாய சன்ஹிதா 75-வது பிரிவில், விரும்பாத தொடுதலுக்கு 3 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டின் முன்னாள் சிறப்பு டிஜிபி ஒருவருக்கே, பெண் எஸ்.பி. கொடுத்த புகாரில் 2023-இல் விழுப்புரம் நீதிமன்றம் 3 ஆண்டுச் சிறை விதித்தது.

வக்கீல் பீஸ் பற்றிக் கவலை வேண்டாம். வருமானம் எதுவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100-ஐ அழையுங்கள். அவசரத்துக்கு 181. காண்ட்ராக்டரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வாரமே புகாரைக் கொடுத்து, ஒரு பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.