பெரிய நாயைத் தத்தெடுக்கிறீர்களா? குடும்பமாகச் சேர்ந்து பழக்குங்கள்

ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் என்று குட்டியாக ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் தெருவில் விட்டுவிடுகிறார்கள். அப்படி மீட்கப்பட்ட நாய்க்கு வீடு தருவது பெரிய காரியம். ஆனால், நன்கு வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோ இருக்கும். அதைக் கைவலுவால் மட்டும் அடக்க முடியாது. வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் அது அடங்கும்.

1. முதலில் கூடிப் பேசுங்கள்: யார் சோறு வைப்பது, யார் வெளியே கூட்டிப்போவது, சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதை நாய் வருவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். 'உட்காரு', 'வா', 'விடு' போன்ற கட்டளைகளை எல்லோரும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். அப்பா தடுப்பதைப் பாட்டி கொஞ்சி அனுமதித்தால் நாய் குழம்பிப்போகும்.

2. மருத்துவரிடம் காட்டுங்கள்: ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை பற்றிக் கேளுங்கள். மூட்டுவலி, காதுப்புண் போன்ற வலிகளாலும் நாய் சீறும். உள்ளாட்சியில் உரிமம் தேவையா என்றும் விசாரியுங்கள்.

3. முதல் சில நாள் தனியே விடுங்கள்: அமைதியான மூலையில் படுக்கையும் தண்ணீரும் வையுங்கள். உறவினர்களை அழைத்துக் காட்ட வேண்டாம். அதுவாக நெருங்கி வரட்டும். வீட்டோடு ஒன்றிப்போக மாதக்கணக்கில் ஆகலாம்.

4. சாப்பாட்டில் ஒழுங்கு: ஒரே வேளையில் நிறைய வைக்காமல் இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள், பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தட்டருகே யாரும் கைநீட்டக் கூடாது. எதையாவது கவ்விக்கொண்டால் பிடுங்காமல், பிடித்த தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

5. பாதுகாப்பாக வெளியே கூட்டிப்போங்கள்: மார்புப் பக்கம் வளையமுள்ள ஹார்னஸும் கெட்டியான லீஷும் வாங்குங்கள், நீண்டு சுருங்கும் லீஷ் வேண்டாம். லீஷை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாயைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய பெரியவர்தான் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் இன்னொருவரும் கூடப் போகட்டும். இழுத்தால் நின்றுவிடுங்கள், லீஷ் தளர்ந்ததும் நடங்கள். வெயிலேறும் முன் போய்வந்துவிடுங்கள். வாய்மூடி போடுவதானால், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையை வாங்கி, தின்பண்டம் கொடுத்து மெல்லப் பழக்குங்கள்.

6. குழந்தைகள்: நாயையும் குழந்தையையும் ஒருபோதும் தனியே விடாதீர்கள். தூங்கும் நாயை எழுப்பக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விருந்தினர் வந்தால் நாய் உள்ளறையில் இருக்கட்டும்.

7. உறுமலை மதியுங்கள்: உறுமுவது எச்சரிக்கை. அதற்காக அடித்தால், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும். விலகி நின்று காரணத்தைத் தேடுங்கள். மீண்டும் மீண்டும் நடந்தால் மருத்துவரிடமும், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரிடமும் போங்கள்.

8. கடித்துவிட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு மனமில்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். அவர் சம்மதிக்கும்வரை பொறுங்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நாயை இன்னொருமுறை கைவிடும் நிலை உங்கள் வீட்டில் வரக்கூடாது.