காசநோய்க்கு ஆறு மாத மருந்து. படிப்புக்கு எத்தனை நாள் விடுப்பு?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக விடாத இருமல். மாலையானால் இலேசான காய்ச்சல். இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. விடுதி அறைத் தோழர் வற்புறுத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் முடிந்து வந்த முடிவு: நுரையீரல் காசநோய். "ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும்" என்கிறார் மருத்துவர்.

வீட்டில் உடனே இரண்டு கட்சி. "படிப்பெல்லாம் அப்புறம், ஒரு வருஷம் நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துடு" என்கிறார் அம்மா. "பரீட்சை முடியட்டும்மா, பிறகு மருந்தை ஆரம்பிக்கிறேன்" என்கிறார் பிள்ளை. இந்த இரண்டில் ஒன்று தேவைக்கு மிஞ்சியது, மற்றது ஆபத்தானது. ஏன் என்பதற்கு அந்தக் கிருமியின் உயிரியலில் பதில் இருக்கிறது. மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோருக்கும் சிங்கப்பூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கும் இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே இது தாத்தா காலத்து நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

சோம்பேறிக் கிருமி

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் அறிவித்தார். மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து இதை வேறுபடுத்துவது இதன் மந்தம். நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும்.

நான்காம் படிவக் கணிதம் போதும், கணக்கிட்டுப் பாருங்கள். 20 மணி நேரத்தில் ஈ.கோலி 60 முறை பிரியலாம். உணவும் இடமும் தீராமல் கிடைத்தால் (உண்மையில் கிடைக்காது) ஒன்று, 2-இன் 60-ஆம் அடுக்காகப் பெருகும். அதாவது 1-க்குப் பின்னால் ஏறக்குறைய 18 சுழியங்கள். அதே நேரத்தில் காசநோய்க் கிருமி ஒன்று, இரண்டாகிறது. அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அது 25 முறை பிரிந்து சுமார் 33 மில்லியன் ஆகும். ஆய்வுக்கூடத் தட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு திட்டு உருவாக ஏறக்குறைய இந்த அளவு செல்கள் தேவை. சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில் ஆவது இதனால்தான். கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் புதிய கருவிகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுகின்றன. ஆனாலும் வளர்ப்புச் சோதனையை மருத்துவர்கள் இன்னும் கைவிடவில்லை.

மெதுவாகப் பெருகும் கிருமி என்றால் கொல்வது எளிது என்று தோன்றும். அப்படியில்லை. பல மருந்துகள் கிருமி வளரும்போதுதான் தாக்கும். வீடு கட்டுபவனிடமிருந்து சிமெண்டைப் பறிப்பதுபோல. ஐசோனியாசிட் என்ற மருந்து, காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற செல்சுவருக்குத் தேவையான மைக்கோலிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது. சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமி செத்துவிடும். கட்டாமல் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிக்கு என்ன நட்டம்?

நம் உடலில் காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. நுரையீரல் குழியில் காற்றோட்டத்தில் சுறுசுறுப்பாகப் பெருகுபவை பெரும்பான்மை. இவற்றின் பெரும்பகுதியை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே கொன்றுவிடும். அமிலத்தன்மை உள்ள இடங்களில் பதுங்கியிருப்பவற்றைப் பைராசினமைட் தாக்கும். பெரும்பாலும் உறங்கி, எப்போதாவது விழித்துக்கொள்பவற்றை ரிஃபாம்பிசின் காத்திருந்து பிடிக்கும். கடைசியாகச் சொன்ன இந்தக் கூட்டம்தான் ஆறு மாதம் இழுக்கிறது. இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் போய்விடும், பசி எடுக்கும், எடை கூடும். மாணவர் "குணமாகிவிட்டேன்" என்று நினைக்கிற அதே நாளில் உள்ளே சில உறங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு மாத்திரை போதாதா?

சிகிச்சையின் முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும். அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். ஏன் இத்தனை?

ஒரு நுரையீரல் குழியில் 100 மில்லியன் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் ஏறக்குறைய ஒரு மில்லியனில் ஒன்று, பிறவியிலேயே ஐசோனியாசிட்டுக்கு மசியாதது. ஆக 100 கிருமிகள் தப்பும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதவை ஏறக்குறைய 100 மில்லியனில் ஒன்று. ஆக ஒன்று தப்பலாம். இரண்டுக்குமே மசியாதது வேண்டுமானால் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும்: 100 மில்லியன் மில்லியனில் ஒன்று. அப்படி ஒன்று அந்தக் குழிக்குள் இருக்க வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். நிகழ்தகவுப் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

இந்தக் கணக்கு புரியாத காலத்தில் விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பிரிட்டனில் நடத்திய ஆய்வின் முடிவு 1948-இல் வெளியானது. நோயாளிகள் முதலில் வேகமாகத் தேறினார்கள். பிறகு பலரிடம் மருந்துக்கு மசியாத கிருமி தலைதூக்கியது. பரீட்சைக்காக மாத்திரையை நிறுத்தி, பிறகு தொடங்கி, மீண்டும் விடுபவர் தம் நுரையீரலில் ஏறக்குறைய இதே சோதனையைத்தான் நடத்துகிறார். அதன் பிறகு வரும் மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு வேறு மருந்துகள், கூடுதல் பக்கவிளைவுகள். இழப்பது ஒரு தவணை மட்டுமாக இருக்காது.

ஆறு மாதக் கணக்கில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகள்தான் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீண்ட சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைத்தன. சிங்கப்பூரில் நான்கு மாதத்தோடு நிறுத்தியும் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை. ஆனால் ஆறு மாதம் சாப்பிட்டவர்களைவிட அதிகமானோருக்குத் திரும்பியது. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வேறு மருந்துகள் கொண்ட நான்கு மாதச் சிகிச்சை ஒன்று 2021-இல் வெளியான ஆய்வில் வெற்றி கண்டது உண்மை. அதைப் படித்துவிட்டு உங்கள் ஆறு மாத மாத்திரையை நான்கில் நிறுத்த வேண்டாம்.

அப்படியானால் விடுப்பு?

இங்கே ஒரு பழைய ஆய்வு கைகொடுக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியது. ஒரு பிரிவு நோயாளிகள் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல உணவு, தாதியர் கவனிப்புடன் மருந்து சாப்பிட்டார்கள். மற்ற பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, குறைவான உணவுடன், நடமாடிக்கொண்டே அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வந்தபோது குணமானதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. நோயைக் குணமாக்கியது மருந்து, கட்டில் அல்ல. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு காரணம்.

எனவே "ஆறு மாத மருந்து என்றால் ஆறு மாத விடுப்பு" என்பது தவறான சமன்பாடு. மருந்து சரியாக வேலை செய்தால் சுமார் இரண்டு வாரத்தில் பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். சிலருக்கு அது நீளும். எந்த நாளில் வகுப்புக்குத் திரும்பலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி தவணைக் கணக்கு. 14 வாரப் பாடம், 80 விழுக்காடு வருகை கட்டாயம் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்கப்படும் இழப்பு 2.8 வாரம். இரண்டு வாரத் தனிமையை எம்.சி. காட்டிச் சமாளித்துவிடலாம், ஆய்வுக்கூட வகுப்புகளை மட்டும் விரிவுரையாளரிடம் பேசி ஈடுகட்ட வேண்டும். நான்கு வாரம் போனால் கணக்கு உதைக்கும். அப்போது தவணையைத் தள்ளிவைக்க விண்ணப்பிப்பதே நல்லது. அதிக எடை இழந்து மாடிப்படி ஏற முடியாதவர், தொடக்க மாதங்களில் மருந்தினால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மருந்தை மாற்ற வேண்டியவர், மருந்து எதிர்ப்புக் கிருமி உள்ளவர் ஆகியோர் தயங்காமல் தள்ளிவைக்கலாம். தாதிமை, மருத்துவம், பாலர்பள்ளிப் பயிற்சி போன்ற துறைகளில் இருப்போர் பயிற்சி இடத்தின் விதியையும் கேட்க வேண்டும்.

எம்.சி. வேறு, தவணைத் தள்ளிவைப்பு வேறு. எம்.சி. அந்தச் சில நாட்களுக்கு மட்டும். மலாயில் 'பெனாங்குஹான் பெங்காஜியான்' எனப்படும் தள்ளிவைப்புக்கு மருத்துவரின் கடிதமும் புலத்தின் ஒப்புதலும் தேவை. மருத்துவக் காரணத்தால் தள்ளிவைத்த தவணை, படிப்பை முடிக்க வேண்டிய உச்சக் காலத்தில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பி.டி.பி.டி.என். கடனோ உபகாரச் சம்பளமோ இருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள். விடுப்பில் பணம் நிற்கும். பரீட்சை எழுதித் தோற்றபின் கடிதம் கொண்டுபோவதைவிட முன்னமே போவது பல மடங்கு எளிது.

மறைப்பதால் ஒரு நன்மையும் இல்லை. "ஆஸ்துமா என்று சொல்லிவிடு" என்று சொல்லித்தரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இரு நாடுகளிலும் காசநோயைச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தகவல் விடுதி அறிவிப்புப் பலகைக்குப் போவதில்லை. அறைத் தோழர் பரிசோதனை செய்துகொள்ளவே அது பயன்படுகிறது. கிளினிக்குக்கு அழைத்துப் போனவரே அவர்தானே. அவரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மருந்து தொடங்கியவர்கள் கவனிக்க: சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண்ணோ தோலோ மஞ்சளானால், விடாத வாந்தி இருந்தால், சிவப்பும் பச்சையும் மங்கினால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். மது கூடவே கூடாது.

இவ்வாரக் கணக்கு: நுரையீரல் குழியில் 1,000 மில்லியன் கிருமிகள் இருந்தால், ஐசோனியாசிட்டுக்கு மட்டும் மசியாதவை எத்தனை? ரிஃபாம்பிசினுக்கு எத்தனை? இரண்டுக்கும் மசியாத ஒன்று இருக்க வாய்ப்பு எவ்வளவு? மூன்றாவது விடையைப் பின்னமாக எழுதுங்கள்.