பம்பைமடுவுக்குப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, கம்பஸில் முதல் அசைன்மென்ட் கையில் கிடைச்சதும் ஓ.எல். கட்டுரை மாதிரி எழுதத் தொடங்கிடாதே. பள்ளிக்கூடத்தில் இருநூறு சொல்லில் கட்டுரை எழுதினது உனக்கு ஆங்கிலம் வரும் என்று காட்டத்தான். ரீச்சர் இலக்கணத்தையும் எழுத்துப்பிழையையும் பார்த்துப் புள்ளி போட்டிருப்பா. ஏ.எல். பொது ஆங்கிலம் கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் சேராது என்பதால் அதுக்கு ஒருத்தரும் மினக்கெடுறதுமில்லை. பிறகு பம்பைமடுவில் இருக்கிற வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கேக்க எங்கட பிள்ளைகள் திகைச்சுப்போகுதுகள்.

விரிவுரையாளர் கேட்கிறது ரெண்டு கேள்வி: நீ என்ன சொல்ல வாறாய்? அது உனக்கு எப்படித் தெரியும்?

எங்கட செட்டிகுளத்துச் சிறுநீரக நோயையே எடு. காரணம் தெரியாத இந்த நாட்பட்ட நோயை 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்கண்டார்கள். எங்கட பக்கமும் இருக்கு. பள்ளிக்கூடக் கட்டுரை என்றால், "அசுத்தமான தண்ணீரால் இந்நோய் வருகிறது, ஆகவே சுத்தமான நீரைப் பருகுவோம்" என்று முடிச்சிருப்பாய். கம்பஸில் அந்த முதல் பாதியிலேயே மறிப்பினம். புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனம், வெயிலில் வேலைசெய்து உடம்பில் நீர் வற்றுவது என்று ஆய்வாளர்கள் பலதைச் சந்தேகிக்கினம். கிளைபோசேற்று என்ற களைநாசினியும் கடின நீரும் உலோகங்களும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று 2014இல் சன்ன ஜயசுமனவும் கூட எழுதியவர்களும் முன்வைச்சது ஒரு கருதுகோள். 2015இல் அரசாங்கம் கிளைபோசேற்றைத் தடைசெய்தது. தடை வந்ததால் அந்தக் கருதுகோள் நிரூபணமாகாது. இந்த வித்தியாசத்தை உன்ர வசனம் காட்ட வேணும். "இதுதான் காரணம்" என்று எழுதாதே. "காரணமாக இருக்கலாம் என்று இன்னார் இந்த ஆண்டில் முன்வைத்தனர்" என்று எழுது. கோழைத்தனமாகத் தெரியலாம், ஆனால் அதுதான் நேர்மை. நோயாளி இருக்கிற வீடுகளுக்கு நாங்கள் பிழையான காரணத்தைச் சொல்லிக் குடுக்கக்கூடாது.

தலைப்பையும் சின்னனாக்கு. "நீர் மாசடைதல்" குளம் அளவு பெரிசு. ஒரு கிராமத்துக் கிணறுகளில் புளோரைட்டு எவ்வளவு என்பது எழுதி முடிக்கக்கூடிய கேள்வி. அதிலும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1.0. லீற்றருக்கு 1.2 இருக்கிற கிணறு ஒன்றில் தேறும், மற்றதில் தேறாது. எதோட ஒப்பிட்டனி என்று எழுதாட்டி உன்ர முடிவை ஒருத்தராலும் சரிபார்க்க ஏலாது.

வாசிக்கேக்கயே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் கொப்பியில் குறி. குடுக்கிறதுக்கு முதல் நாள் ராவோட ராவாகத் தேடினால் அகப்படாது. மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கி எழுதினால் பள்ளிக்கூடத்தில் பாராட்டு. இங்க அது களவு. அதனால் வாசிச்ச கட்டுரையை மூடிவைச்சிட்டு விளங்கினதை உன்ர சொல்லில் எழுது, அப்பவும் ஆர் சொன்னது என்று போடு. ஆங்கிலம் தடக்கினால் முதல் மூன்று வசனத்தைத் தமிழில் எழுது. யோசனை தெளிஞ்சால் ஆங்கிலம் பிறகு வரும். யோசனையே இல்லாட்டி நல்ல ஆங்கிலமும் உதவாது.

முதல் எழுதினதையே குடுத்திடாதே. சோதனை மண்டபத்தில் திருப்பி எழுத நேரமில்லை. இங்க அதுக்கென்றுதான் நாள் தருகினம். ஒரு நாள் விட்டுச் சத்தமாக வாசி. ஒவ்வொரு பந்தியும் உன்ர கேள்விக்கு என்ன செய்யுது என்று கேள். ஒன்றும் செய்யாத பந்தியை, எவ்வளவு வடிவாக இருந்தாலும், வெட்டு. பிறகு கம்பஸில் ஆங்கிலம் படிப்பிக்கிறவையிட்ட கொண்டுபோய்க் காட்டு. "பிழை திருத்தித் தாங்கோ" என்று கேட்காமல், "நான் சொல்ல வந்தது விளங்குதோ மிஸ்?" என்று கேள்.